தோர்ணக்கல் பேராலயம்: ஆசனமும் ஆலயமும்

சிற்றூரில் பெருங்கோயில் எழுந்து நிற்பது எம்மைப் போன்ற செட்டிநாட்டாருக்கு வியப்பளிப்பதன்று. நான் பிறந்த கண்டரமாணிக்கத்திலிருந்து சிறிது தொலைவில் பிள்ளையார்பட்டி இருக்கிறது. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர் முதலியனவும் அத்தகைய ஊர்களே. நகரத்தார் சமூகம் ஒன்பது நகரக் கோயில்களை வைத்தே தன்னை ஒன்பது பிரிவுகளாக எண்ணிக்கொள்கிறது. கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் பொருளீட்டியவர்களும், 'எந்தக் கோயில்?' என்று கேட்டால், ஒரு சிற்றூரின் பெயரையே விடையாகக் கூறினர். ஊரின் பெருமை அதன் மக்கள் தொகையில் இல்லை, அங்குள்ள திருவிடத்தில் இருக்கிறது என்னும் எண்ணம் எங்கள் மண்ணில் ஊறியது.

மேலைநாட்டுத் திருச்சபை வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. இங்கிலாந்திலுள்ள வெல்ஸ் என்னும் ஊரின் மக்கள் 12,000 பேருக்கும் குறைவு. எனினும் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய பேராலயம் அங்கிருப்பதால் அது நகரம் என்று அழைக்கப்படுகிறது. அந்த ஆலயத்தின் அருகிலுள்ள பேராயர் மாளிகையைச் சுற்றி மதிலும் அகழியும் உள்ளன. 14ஆம் நூற்றாண்டில் அவற்றை அமைத்தவர் ரால்ப் என்னும் பேராயர். அக்காலத்தில் அவருக்கும் நகர மக்களுக்கும் பூசல் இருந்தது. மேய்ப்பன் தன் மந்தைக்கு எதிராகவே மதில் எழுப்பினான் என்று கூறினால் மிகையாகாது. இன்று அவ்வகழியில் அன்னங்கள் நீந்துகின்றன. பயணிகள் அதன் அழகைக் கண்டு மகிழ்கின்றனர். வரலாறு கற்பவனோ அது எதற்காக வெட்டப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

பேராலயம் என்பது யாது? அது அளவிற் பெரிய ஆலயம் என்று நம் சபையாரிற் பலர் எண்ணுகின்றனர். 'கதேத்ரா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஆசனம் என்பதே பொருள். பேராயர் அமர்ந்து போதிக்கும் ஆசனம் எங்குள்ளதோ அதுவே பேராலயம். மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் 'மோசேயினுடைய ஆசனம்' என்று ஆண்டவர் குறிப்பிடும் இடத்திலும் இச்சொல்லே மூலத்தில் உள்ளது. பேராலயத்தைப் பற்றிய கேள்வி முதலாவது கட்டடத்தைப் பற்றியதன்று. ஆசனத்தையும் அதில் அமர்பவரையும் பற்றியது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் ஒரு சிற்றூர் நம் நாட்டிலேயே உண்டு. அது தோர்ணக்கல். அதன் பேராலயத்தை எழுப்பியவர் ஒரு தமிழர்.

தோர்ணக்கல்லை நோக்கி

சென்னையிலிருந்து விஜயவாடா வழியாகக் காசிப்பேட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் தோர்ணக்கல் ஒரு சந்திப்பு நிலையம். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் செல்லும் கிளைப்பாதை இங்கிருந்தே பிரிகிறது. முன்பு நிஜாம் ஆட்சியிலிருந்த இவ்வூர், இன்று தெலங்கானா மாநிலத்தின் மகபூபாபாத் மாவட்டத்தைச் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கு இறங்கியபோது, பேராயர் அசரியா எதற்காக இத்தகைய இடத்தைத் தேர்ந்தார் என்று எண்ணினேன். அக்கேள்விக்கு விடை அவரது வாழ்க்கையிலேயே இருக்கிறது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் ஊர்ச் சபையின் குருவானவர். மெஞ்ஞானபுரத்திலும் பாளையங்கோட்டையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற அசரியா, 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலராகப் பணியாற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு பிற இடங்களுக்கு அருட்பணியாளரை அனுப்புவதைக் கண்டார். நூறாண்டு காலம் பிறரிடம் பெற்றே பழகிய திருநெல்வேலிச் சபை, பிறருக்கு எதனைக் கொடுத்தது என்னும் கேள்வி அவரை வாட்டியது. அதன் பயனாக 1903ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியரின் பணம், இந்தியரின் ஊழியம், இந்தியரின் நிருவாகம் என்பதே அதன் அடிப்படை. அச்சங்கம் நிஜாம் நாட்டின் மானுக்கோட்டை வட்டாரத்தைத் தன் பணித்தளமாகக் கொண்டது.

பிறரை அனுப்பிய அசரியா, பின்னர்த் தாமே செல்லத் துணிந்தார். 1909இல் உயர்பதவியை விட்டுத் திருப்பணிக்கு அபிஷேகம் பெற்றுத் தோர்ணக்கல் சென்றார். தம் முப்பத்தைந்தாம் வயதில் தெலுங்கு மொழியைக் கற்றார். கல்லூரிக் கல்வி பெற்ற முதல் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் ஒருவரான அவர்தம் துணைவியார் அன்பு மரியம்மாளும் அப்பணியில் முழுப்பங்கு கொண்டார். 1910இல் எடின்பரோ உலக அருட்பணி மாநாட்டில், மேனாட்டு ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உண்மையான நட்பில்லை என்பதை அசரியா வெளிப்படையாக எடுத்துரைத்தார். தியாகத்தையும் கொடையையும் விட நட்பையே அவர் வேண்டினார். அவையினர் சிலர் சினந்தனர், சிலர் தலைகுனிந்தனர்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. இந்தியர் ஒருவரின் கீழ் ஐரோப்பியர் ஊழியம் செய்வதா என்று ஒரு சாரார் தடை கூறினர். இந்தியக் கிறிஸ்தவருள்ளும் சாதிப் பொறாமையால் எதிர்த்தோர் இருந்தனர். இரண்டாவதாகக் கூறிய எதிர்ப்பே நமக்கு மிகுந்த நாணத்தைத் தருவது.

மக்களே முதற்கட்டடம்

இங்கு ஒரு கணக்கை நோக்குதல் வேண்டும். அசரியா பேராயரானது 1912இன் முடிவில். தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், பிரசன்னத் திருநாளில். இடைப்பட்ட 26 ஆண்டுகள் ஆசனம் இருந்தது. அதற்குரிய ஆலயம் முற்றுப்பெறவில்லை. அக்காலத்தில் பேராயர் யாது செய்தார்? மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். மாலா, மாதிகா மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் போதித்தார். நிலமற்றவர்களாய், எழுத்தறியாதவர்களாய், தீண்டாமைக் கொடுமையால் நசுக்குண்டவர்களாய் இருந்த அம்மக்கள் திரள் திரளாகத் திருச்சபைக்குள் வந்தனர். பின்னர்த் திருமண்டலத்தின் எல்லை சென்னை மாகாணத்துத் தெலுங்குப் பகுதிகளுக்கும் விரிந்தது. 1930களின் நடுவில் அதன் மக்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியக் குருமாரும் 2,000க்கும் மேற்பட்ட ஊர் ஆசிரியர்களும் அவர்களிடையே ஊழியம் செய்தனர்.

திருமுழுக்குப் பெறுவோரின் கைகளைத் தலைமேல் வைக்கச் செய்து, சுவிசேஷத்தை அறிவியாதிருந்தால் தங்களுக்கு ஐயோ என்னும் 1 கொரிந்தியர் 9:16இன் பொருள்பட அவர்களை உறுதி கூற வைப்பது அசரியாவின் வழக்கம். ஏழை என்பதனால் ஒருவன் கொடுக்கும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை என்றும் அவர் கற்பித்தார். கிறிஸ்தவ ஈகையைக் குறித்து ஒரு நூலும் எழுதினார். கூலிக்காரனையும் கொடுப்பவனாக மதித்ததே அவனுக்கு அவர் அளித்த பெருமதிப்பு. விடுதிப் பள்ளியில் பயின்ற மாணவர் நிலத்தில் உழைக்கவும் கற்றனர். இம்மக்களிடம் தோன்றிய மாற்றத்தைக் கண்டு, சாதி இந்துக்களிலும் பலர் 1930களில் சபைக்குள் வந்தனர்.

இவ்வியக்கமே காந்தியடிகளுக்கும் பேராயருக்கும் இடையே கருத்து வேற்றுமையை உண்டாக்கியது. ஒடுக்கப்பட்டோரின் கூட்டு மதமாற்றத்தைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. தம் விடுதலையைத் தாமே தேடும் உரிமையும் அறிவும் ஏழைக்கும் உண்டு என்பதில் அசரியா உறுதியாய் நின்றார். அதே வேளையில் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் வேண்டும் என்னும் கோரிக்கையை அவர் எதிர்த்தார் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. சபை தன்னைத் தனிச் சாதியாக வேலியிட்டுக்கொள்வதை அவர் விரும்பவில்லை.

கல்லில் எழுதிய இறையியல்

பேராலயத்தின் முன் நிற்பவருக்கு முதலில் தோன்றுவது திகைப்பே. குவிமாடங்களும் உயர்ந்த கோபுரங்களும் நிஜாம் நாட்டு இசுலாமியக் கட்டடங்களை நினைவூட்டுகின்றன. உள்ளே நுழைந்தால், வரிசையாய் நிற்கும் கற்றூண்கள் நம் ஊர்க் கோயில் மண்டபத்தை நினைவிற்குக் கொண்டுவருகின்றன. கோயில் தூண்களின் நடுவே வளர்ந்த எனக்கு அவை அயலாகத் தோன்றவில்லை. எனினும் கிழக்கே நற்கருணைப் பீடமும் சிலுவையும் உள்ளன. அக்காலத்தில் நம் நாட்டில் எழுந்த பேராலயங்கள் பலவும் ஆங்கிலக் கூர்வளைவுகளையே கொண்டிருந்தன. அசரியா அவ்வழியைப் பின்பற்றவில்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் தம் நாட்டுப் பொருள்களையே காணிக்கையாகக் கொண்டு வந்தனர் என்பதைப் பிரசன்னத் திருநாள் நினைவூட்டுகிறது. அத்திருநாளின் பெயரைத் தாங்கிய ஆலயம் இந்தியச் சிற்பியின் கைத்திறனைக் காணிக்கையாக ஏற்றது பொருத்தமே.

ஆயினும் அவரைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாறாகாது. கட்டடத்தில் இந்தியராய் நின்றவர், வழிபாட்டில் ஆங்கிலிக்கன் ஜெப ஒழுங்கையே போற்றினார். தெலுங்கு மக்களுக்கு அவர் அன்புள்ள தந்தையாயிருந்தார். எனினும் அம்மக்கள் நடுவிலிருந்து தோன்றிய தலைவர் அல்லர். தந்தையின் ஆசனம் எப்பொழுது பிள்ளைகளின் ஆசனமாகும் என்னும் கேள்வியை ஒவ்வொரு அருட்பணித் தளமும் கேட்டே ஆகவேண்டும்.

1919ஆம் ஆண்டு மே மாதத்தில் தரங்கம்பாடியில் கூடித் திருச்சபை ஐக்கியத்திற்கு அறைகூவல் விடுத்தவர்களுள் அசரியாவும் முதன்மையானவர். பிரிந்து நிற்கும் சபை புறமதத்தார் முன் சாட்சி பகர இயலாது என்பது கிராமங்களில் அவர் கண்டறிந்த உண்மை. ஆனால் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவர் உயிருடன் இல்லை. 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஆண்டவருக்குள் நித்திரையடைந்து, தோர்ணக்கல்லிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தாம் கட்டிய பேராலயத்தில் அவர் பேராயராயிருந்தது ஆறே ஆண்டுகள்.

நமக்குரிய கேள்வி

வெல்ஸ் நகரத்து மாளிகையைச் சுற்றி அகழி இருக்கிறது. தோர்ணக்கல் பேராலயத்தின் அருகே, மக்களைத் தேடிச் சென்ற ஒரு மேய்ப்பனின் கல்லறை இருக்கிறது. இவ்விரண்டில் எது நம் காலத்துத் திருமண்டலங்களுக்கு நெருக்கமானது? இன்று நாம் பெரிய ஆலயங்களைக் கட்டுகிறோம். பழையனவற்றை இடித்து உயர்த்துகிறோம். ஆசனத்திற்காகத் தேர்தல் களத்தில் சாதி பார்த்து அணி திரள்கிறோம். வழக்கு மன்றங்களில் நிற்கிறோம். நாம் வெட்டும் அகழி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அது ஆழமானது. இதைப் பிறரைக் குறித்து மட்டும் கூறவில்லை. சபையார் என்னை எளிதில் காண முடியாதபடி நானும் அலுவல் என்னும் வேலியை எழுப்பிக்கொண்ட நாள்கள் உண்டு.

மோசேயின் ஆசனத்தில் அமர்ந்தோர் சுமத்தற்கரிய சுமைகளைப் பிறர் தோள்மேல் வைத்தனர், தாங்களோ ஒரு விரலாலும் அவற்றைத் தொடவில்லை என்பதே ஆண்டவரின் குற்றச்சாட்டு. இறையியல் கற்கும் இளைஞர் தோர்ணக்கல்லுக்கு ஒருமுறை சென்று வருதல் நன்று. கட்டடத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அதற்கு முந்திய 26 ஆண்டுகளையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலில் மக்கள், பின்னர்ச் சுவர்கள் என்பதே அங்கு நிகழ்ந்த வரிசை. அவ்வரிசை தலைகீழாகும் இடத்தில் ஆலயம் எவ்வளவு உயர்ந்தாலும், ஆசனம் வெறும் மரமாகவே எஞ்சும்.