டேக் ஓவர்: தூத்துக்குடி கைமாறிய கதை

இந்த எபிசோட்ல ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லை எடுத்துக்குவோம்: "டேக் ஓவர்". ஐ.டி. வேலையில இருக்கிறவங்க தினமும் சொல்றதுதான். ஒருத்தர் வேலையை விட்டுப் போனா அவர் மாட்யூலை இன்னொருத்தர் டேக் ஓவர் பண்ணுவார். பெரிய கம்பெனி சின்ன கம்பெனியை டேக் ஓவர் பண்ணும். ராணுவம் ஆட்சியை டேக் ஓவர் பண்ணும்.

'டேக்'னா எடு. கூட 'ஓவர்' சேர்ந்ததும், ஒருத்தர் கையில இருந்தது இன்னொருத்தர் கைக்குப் போகுதுன்னு அர்த்தம் வந்துடுது. திருப்பிப் போட்டு 'ஓவர்டேக்'னு சொன்னா, அது திருநெல்வேலி ரோட்டுல பஸ்காரர் பண்றது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

தமிழ்ல மேலே சொன்ன மூணுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கு: பொறுப்பேற்பது, விலைக்கு வாங்குவது, கைப்பற்றுவது. இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையில முடிஞ்சுடுது. அதனால என்ன நஷ்டம்? தூத்துக்குடி வரலாற்றை வெச்சுப் பார்க்கலாம்.

போர்த்துக்கீசியர்கிட்ட இருந்து தொடங்குவோம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், எதிரிகளோட தொல்லை தாங்காம, கொச்சியில இருந்த போர்த்துக்கீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டுப் போனாங்க. பாதுகாப்பு கிடைச்சது. ஆயிரக்கணக்கானவங்க கிறிஸ்தவத்தைத் தழுவினாங்க. கூடவே முத்துக் கடல் மேல போர்த்துக்கீசியர் பிடியும் இறுகுச்சு. இதுக்கு 'கைப்பற்றினார்கள்'னு எழுதினா, போய்க் கேட்டது யாருங்கிறது மறைஞ்சுடும்.

அடுத்து 1658. டச்சுத் தளபதி ரைக்லாஃப் வான் கூன்ஸ் கப்பல் படையோட வந்து போர்த்துக்கீசியரை விரட்டினார். அதே வருஷம் மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் எல்லாமே டச்சுக்காரர் கைக்குப் போச்சு. இது சந்தேகமே இல்லாம கைப்பற்றல்தான். ஆனா புராட்டஸ்டன்ட் டச்சுக்காரர் வந்தும் பரதவர்கள் கத்தோலிக்கத்தை விடலை. கோட்டையை எடுத்துக்க முடிஞ்சது. ஜனங்க மனசை எடுத்துக்க முடியலை.

மூணாவது, ஆங்கிலேயர். 1782ல பிடிச்சாங்க, 1785ல திருப்பிக் கொடுத்தாங்க. 1795ல மறுபடி பிடிச்சாங்க, 1818ல மறுபடி கொடுத்தாங்க. கடைசியா 1825ல ஊர் நிரந்தரமா அவங்ககிட்ட வந்தப்போ ஒரு துப்பாக்கி கூட வெடிக்கலை. 1824 மார்ச்ல லண்டன்ல ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. இந்தியாவுல இருந்த டச்சு இடங்கள், மலாக்கா எல்லாம் ஆங்கிலேயருக்கு. சுமத்ராவுல இருந்த பென்கூலன் டச்சுக்காரருக்கு. அந்தப் பட்டியல்ல தூத்துக்குடியும் போச்சு. முத்துக் குளிக்கிறவங்க, காலில் கல்லைக் கட்டிக் கடலுக்குள்ள இறங்குறவங்க, யார்கிட்டயும் யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. "1825ல பிரிட்டிஷ் டேக் ஓவர் பண்ணாங்க"ன்னு ஒரு வரியில படிச்சா, சண்டை போட்டு ஜெயிச்ச மாதிரிதான் மனசுல பதியும். நடந்தது ஒப்படைப்பு.

நாலாவது கதை வ.உ.சி.யோடது. 1906 அக்டோபர்ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாச்சு. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. காலியா, லாவோ னு ரெண்டு கப்பல் வந்து, தூத்துக்குடி - கொழும்பு ஓடுச்சு. எதிர்த்தரப்பு பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. கட்டணத்தை ஒரு ரூபாயா குறைச்சாங்க; சுதேசி கம்பெனி அரை ரூபாயா குறைச்சது. அப்புறம் பயணமே இலவசம், கையில ஒரு குடையும் இலவசம்னு பிரிட்டிஷ் கம்பெனி இறங்கி வந்ததா சொல்வாங்க. இப்போ நாம ஆப்-ல பார்க்கிற ஆஃபர் சண்டையை அவங்க அப்பவே போட்டிருக்காங்க.

1908 மார்ச்ல வ.உ.சி. கைதானார். தீர்ப்பு ரெண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். மேல்முறையீட்டுல குறைஞ்சு, 1912 டிசம்பர்ல வெளிய வந்தார். அதுக்குள்ள, 1911லயே, கம்பெனி கலைக்கப்பட்டு, கப்பலும் போட்டிக்காரங்ககிட்ட போயிருந்தது. பேப்பர்ல பார்த்தா இது வியாபாரம்: நஷ்டமான கம்பெனி, விற்பனை, கணக்கு முடிஞ்சது. ஆனா நடத்துற மனுஷனை உள்ள வெச்சு செக்கிழுக்க விட்டுட்டு நடந்த விற்பனையை, வெறும் 'வாங்கினாங்க'ன்னு சொல்லிட முடியுமா? அவர் இடத்துல நின்னு பொறுப்பேற்க ஆள் இல்லாமப் போனதும் அந்தக் கதையில ஒரு பாதி.

அதனால அடுத்த தடவை "டேக் ஓவர்"னு எங்கயாவது படிச்சா, ஆபீஸ் மெயிலா இருந்தாலும் சரி, வரலாற்றுப் புத்தகமா இருந்தாலும் சரி, ஒரு நிமிஷம் தமிழ்ல மாத்திப் பாருங்க. கைப்பற்றினாங்களா, கேட்டு வாங்கினாங்களா, ஒப்படைச்சாங்களா, பொறுப்பேத்தாங்களா? இதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்னா, கொடுத்தவர் யார், இழந்தவர் யார்னு தெரிஞ்சே ஆகணும்.

2011ல இருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பேர்தான். ஜெயிச்ச கப்பல் கம்பெனி பேரு அந்த ஊர்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? யோசிச்சு வைங்க.