இதயம் இளைப்பாறும் காலம்

இதயம் ஓய்வின்றி உழைக்கின்றது என்பது உலக வழக்கு. உண்மையில், ஒவ்வொரு துடிப்பின்போதும் தசையில் எழும் மின்கிளர்ச்சி தணிந்து மீண்ட பின்னரே அது அடுத்த தூண்டலை முறையாக ஏற்கின்றது. லைடன் நகரத்து ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த மின்வரைவுக் கருவி இதனைத் தெளிவாக அளக்க உதவிற்று. கியூ அலை தொடங்குவது முதல் டி அலை முடிவது வரையுள்ள நேரமே, இதயத்தின் கீழறைகள் கிளர்ந்து மீளும் காலம்.

இக்காலம் துடிப்பு விரைந்தால் சுருங்கும், தளர்ந்தால் நீளும். விலங்குகளின் இதயங்களை விரைந்து தூண்டினால் கிளர்ச்சியின் காலம் குறுகுவதோடு அது பரவும் வேகமும் குறைகின்றது என்றும், அந்நிலையில் கிளர்ச்சி வட்டமாகச் சுழலக்கூடும் என்றும் 1913இல் ஆங்கில அறிஞர் மைன்ஸ் காட்டினார். மறு ஆண்டே, 28 வயதில், மொண்ட்ரியல் ஆய்வுக்கூடத்தில் கருவிகள் உடலிற் பிணைந்திருக்க, நினைவிழந்து கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு மாண்டார் அவர்.

சுருங்கும் அளவு எவ்வளவு? 1920இல் இருவர் தனித்தனியே விடை கூறினர். இங்கிலாந்தின் பாசெட், 39 பேரின் வரைவுகளைக் கொண்டு, மீளுங்காலம் இரு துடிப்புகளின் இடைநேரத்தினது வர்க்கமூலத்தைப் பின்பற்றுகின்றது என்றார். டென்மார்க்கின் பிரிடரீசியா, 50 பேரை ஆராய்ந்து, கனமூலத்தையே பின்பற்றுகின்றது என்றார். நிலைத்தது பாசெட்டின் பெயர். வர்க்கமூலம் காண்பது எளிது என்பதே காரணம் போலும். ஆயினும் இன்று அவர் பெயரால் வழங்கும் திருத்தக் கணக்கை அவர் அவ்வடிவில் தரவில்லை. அவருடைய சமன்பாட்டை அவ்வாறு மாற்றியமைத்தவர்கள் 1947இல் தாரன், சிலாகி என்னும் இருவர்.

நிமிடத்திற்கு 60 துடிப்பாயின் இரு கணக்கும் ஒன்றே. 120 ஆகட்டும், அளந்த காலம் 0.32 விநாடி எனக் கொள்வோம். பிரிடரீசியாவின்படி திருத்திய அளவு 0.40, எவ்விதக் குறையுமில்லை. பாசெட்டின்படியோ 0.45; ஆடவர்க்கு அஃது எச்சரிக்கை எல்லை! துடிப்பு 60க்குக் குறைந்தால், பாசெட்டின் கணக்கு உண்மையான நீட்சியையும் குறைத்துக் காட்டும்.

இஃது ஏட்டுப் பூசலன்று. மீளுங்காலம் மிக நீண்டால் இதயத்துடிப்பு நிலைகுலைந்து உயிர் போகலாம். ஒவ்வாமைக்கு வழங்கிய டெர்பெனடின் மருந்து அவ்வபாயத்தினாலேயே 1998இல் அமெரிக்கச் சந்தையினின்று நீங்கிற்று. பாசெட்டின் கணக்கை விடுத்து வேறு கணக்கைக் கொள்ளுமாறு அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2009இல் பரிந்துரைத்தன. எனினும் பல கருவிகள் இன்றும் அதனையே அச்சிடுகின்றன.

இச்சூத்திரங்கள் கருதாத ஒன்றும் உண்டு. துடிப்பின் வேகம் திடீரென மாறினால், மீளுங்காலம் ஓரளவு உடனே மாறும். எஞ்சிய மாற்றம் நிறைவுற இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். மாடிப்படி ஏறி வந்தவரை உடனே படுக்கவைத்து எடுக்கும் வரைவில், முன்னைய வேகத்தின் சுவடு இன்னும் அழியாதிருக்கும்.