ஒரே மேசை

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாயின. பேராயர் இல்லாமல் சபையே இல்லை என்றவர்களும், பேராயரே வேண்டாம் என்றவர்களும் ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அசரியாவும் மற்றவர்களும் கூடிப் பேசியதிலிருந்து கணக்குப் போட்டால் 28 வருஷ உழைப்பு. அந்த நாளைப் பார்க்க அசரியா உயிரோடு இல்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து பழைய புராட்டஸ்டன்ட் சபை இதில் சேரவில்லை. ஜனங்கள் இன்னும் 'டேனிஷ் மிஷன்' என்று சொல்கிற ஆற்காடு லுத்தரன் திருச்சபைதான் அது. 1948-க்குப் பிறகு இரு தரப்பும் பல வருஷம் பேசின. நற்கருணை பற்றி, விசுவாச அறிக்கைகள் பற்றி, பேராயர் பதவி பற்றி. ஒத்த கருத்துகள் எழுத்தில் வந்தன, இணைப்பு வரவில்லை. மதுரை அரசரடியில் 1969-ல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி மட்டும் கூட்டாக எழுந்தது.

இதைப் படித்ததும் 'கடைசியில் கொள்கைச் சண்டைதானா' என்று எனக்கும் சலிப்பு வந்தது. ஆனால் இந்தச் சபை பிறந்த கதை வேறு.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு. தனி இருக்கை, நற்கருணையில் முன் பின் என்று பழகியவர்கள் கோபத்தோடு வெளியேறினார்கள். அவர்களில் பலரை லைப்சிக் லுத்தரன் மிஷன் சேர்த்துக்கொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் சாதியைச் சமூக வழக்கமாகப் பார்த்தார், மெல்ல மாறட்டும் என்றார். இதே கிரவுல்தான் திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் பெயர்த்தவர். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற நூலை வரிவரியாகப் படித்த மனுஷன்!

அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. பிரிந்து வந்து மேல்பட்டாம்பாக்கத்தில் வேலை தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவருக்குக் கைகொடுத்தது. அங்கிருந்துதான் திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி என்று பணி பரவியது. அதாவது, இந்தச் சபையின் வேரிலேயே ஒரு பிரிவினை இருக்கிறது. எல்லாரும் ஒரே மேசையில் உட்காரணும் என்பதற்காக நடந்த பிரிவினை.

ஒற்றுமை எப்போதும் நல்லது, பிரிவு எப்போதும் பாவம் என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும்.

இன்னொரு ஊர் எறையூர். உளுந்தூர்பேட்டை பக்கம், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். கத்தோலிக்க ஊர். ஒரே திருச்சபை, ஒரே போப், ஒரே பூசை. லுத்தரன்களும் தென்னிந்தியத் திருச்சபையும் தேடிய ஒற்றுமை காகிதத்தில் அங்கே எப்போதோ வந்தாச்சு. ஆனால் கல்லறை தனித்தனி. அவமானம் தாங்காமல் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் இறந்தார்கள்.

தனிப் பங்கு கேட்டவர்களைப் 'பிரிவினைவாதிகள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேர்ந்திருப்பதின் விலையை ஒரு தரப்பு மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால், அதற்கு ஒற்றுமை என்று பேர் வைக்க முடியுமா?

கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர் முறை இருந்தது. சட்டம் ஒழித்தது. ஆனால் ஆட்களுக்குள் இருக்கும் ஜாகிர்தாரை எந்த அரசாணையும் ஒழிப்பதில்லை. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறும் ஒருவருக்கு, எந்தச் சபைக்கு அப்போஸ்தலர் வழித் தொடர்ச்சி உண்டு என்பது பொருட்டே இல்லை. தன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், தன் கையிலிருந்து யார் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள் என்பதை முதல் நாளே அவர் கவனித்துவிடுவார்.

சபைகள் இணையட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. 1947 பெரிய சாதனைதான். ஆனால் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள், போகிற வழியில் கல்லறைத் தோட்டத்துச் சுவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்.