முத்திரிக்கிணற்றுத் தண்ணீர்

அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். 1809-ல், சுசீந்திரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட பூவண்டன்தோப்பில் பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் பிறந்தவர். பனையேறிப் பிழைத்த குலத்துப் பிள்ளை, முடியைப் பெயரில் சூடக்கூட அன்றைய திருவிதாங்கூரில் இடமில்லை. மேல்சாதியார் சீறியதும் முத்துக்குட்டி என்று பெயர் மாறியது. அவர்தான் பிறகு அய்யா வைகுண்டர். அந்தத் தோப்பு இன்று சாமித்தோப்பு.

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட அந்தக் குலத்தாருக்கு இருந்த தடைகளைச் சொன்னால் பிள்ளைகள், "உள்ளதா டீச்சர்?" என்று கேட்பார்கள். குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்புக் கூடாது. பொன் நகை கூடாது. மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏந்தக் கூடாது, மேல்சாதியார்போல மார்பை மறைக்கக் கூடாது. பிராமணர் எதிரே வந்தால் 36 காலடி தள்ளி நிற்க வேண்டும். இவ்வளவும் போக, கூலி இல்லாத ஊழியம். ஒரு பக்கம் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தபின் வளர்ந்த லண்டன் மிஷன் சபையும் பள்ளிகளும் மக்களுக்கு ஒரு வாசலைத் திறந்தன. மறுபக்கம், மார்பை மறைக்கும் உரிமைக்காக 1822-ல் மூண்ட தோள்சீலைக் கலகம், விட்டுவிட்டு எரிந்து, 1859 ஜூலை 26-ஆம் தேதி அரசாணை வந்தபின்தான் அடங்கியது. இந்தக் காலத்துக்கு நட்டநடுவே, 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலில் மூழ்கி வைகுண்டராய் எழுந்தார் என்று அவர் வழியினரின் நூலான அகிலத்திரட்டு அம்மானை சொல்கிறது.

அவருடைய போதனை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அம்மானையிலிருந்து தொடங்குவதில்லை, கிணற்றிலிருந்து தொடங்குவேன். சாமித்தோப்பில் அவரை வழிபடும் பதிக்குச் சற்றுத் தள்ளி முத்திரிக்கிணறு இருக்கிறது. ஒரே கிணற்றுத் தண்ணீரை எல்லாச் சாதியாரும் குடிக்கவும் அதிலேயே குளிக்கவும் வேண்டும் என்று அவர் ஏற்படுத்தியது. இன்றும் அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டுதான் பதிக்குள் போகிறோம், அதைப் பதமிடுவது என்போம். ஊர்க்கிணற்றின் பக்கம் போனாலே அடி விழுந்த காலம் அது. தீட்டு என்பது பொய் என்று மேடை போட்டுப் பேசலாம், கேட்டவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வேறு செம்பில் குடிக்கலாம். இன்னொருவர் இறைத்த தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டவரால் அப்படித் திரும்பிப் போக முடியாது. வைகுண்டர் விழுமியத்தை உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தவர். 180 ஆண்டுக்கு மேல் அது அழியாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தலைப்பாகையும் அப்படியே. மேல்சாதியார் முன்னால் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக் குனிந்து நின்றவர்களிடம், கடவுளுக்கு முன்னால் அதைத் தலையில் கட்டு என்றார். எங்கள் பாட்டா, வைகுண்டர் கடலிலிருந்து எழுந்த நாளான மாசி இருபதுக்கு என் தம்பியைக் கூட்டிப்போகும்போது வீட்டு நடையிலேயே துண்டைச் சுற்றிக் கட்டிவிடுவார். அவன் நெளிவான். "தலைய நிமித்து மக்களே, குனிஞ்சா கெட்டு நிக்காது" என்பார். நிமிர்ந்தால்தான் துணி நிற்கும். வேறு விளக்கம் எதுவும் அவர் தந்ததில்லை, அவனும் கேட்டதில்லை.

பதியின் பள்ளியறையில் சிலை கிடையாது. ஒரு கண்ணாடி, அதன் முன்னால் இரண்டு விளக்கு. போய் நின்றால் உங்கள் முகம்தான் தெரியும், சுடருக்கு நடுவே, தலைப்பாகையோடு. பலியும் காணிக்கையும் வேண்டாம் என்றார். கோழி அறுத்துப் பேய்க்கும் மாடனுக்கும் கொடுத்துக் கடன்பட்டுக் கிடந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, கடன் தெரிந்தவர்கள்தான் உணர முடியும்.

துவையல் தவசு என்று ஒன்று நடத்தினார். 700 குடும்பங்கள் கடலோரம் தங்கி, நாளுக்கு மூன்று வேளை குளித்து, உடுத்ததைத் துவைத்து, சைவமாய்ச் சமைத்துக் கூடிச் சாப்பிட்டார்கள் என்பது வழக்கு. அழுக்கானவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், ஒழுங்கான நாள் என்றால் என்ன என்பதை ஒருவரையொருவர் பார்த்துக் கற்றார்கள். அதிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் ஊர்களில் நிழல் தாங்கல்களை எழுப்பினார்கள். ஓலைக் கூரைதான். அங்கே கும்பிடவும் செய்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், பசித்து வந்தவருக்குச் சோறும் போட்டார்கள். பால் என்று நாங்கள் சொல்லும் அரிசி சிறுபயற்றுக் கஞ்சியை வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்ப்பது எங்கள் வீட்டில் பெரிய குற்றம்.

இவ்வளவு கூட்டம் சேர்ந்தால் அரசு சும்மா இருக்குமா? மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்தார்கள். புலிக்கூண்டில் விட்டதும் புலி பணிந்ததும் ஊரறிந்த கதை. எனக்கு அதைவிட இன்னொன்றுதான் முக்கியம். தன் சாதியாரோடு மட்டும் சேர்ந்திருப்பேன் என்று எழுதிக்கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்களாம், அவர் மறுத்தாராம். சிறைக்குள் இருந்துகொண்டு அந்த ஓலையை மறுப்பதற்குப் புலியை அடக்குவதைவிட அதிகத் துணிவு வேண்டும்.

1841-ல் சீடர் அரிகோபாலன் ஓலையில் எழுதிய அம்மானை 1939-ல்தான் அச்சேறியது. இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டும் ஏடு வாசிப்பில், கேட்டவர் காதில் அது உயிரோடு இருந்தது. வைகுண்டர் 1851-ல் மறைந்தார். பிறகு பக்கத்து மருத்துவாழ் மலைக் குகையில் ஓர் ஈழவ இளைஞர் தவமிருந்தார். அவர் நாராயண குரு. 1927-ல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். வைகுண்டரைப் பார்த்துக் குரு செய்தார் என்று நிறுவ நான் முயலவில்லை. இரண்டு கண்ணாடியும் ஒரே கேள்விக்கான விடை, அவ்வளவு போதும். இத்தனைக்குப் பிறகும், சுசீந்திரம் கோயில் தெருக்களில் நடக்கவே தாழ்த்தப்பட்டவர்கள் 1926-ல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. திருவிதாங்கூர்க் கோயில் கதவுகள் 1936 நவம்பர் 12-ல்தான் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன.

கோயில்களைத் திறந்துவிட்ட அந்த ஆணை வந்தபோது பாட்டாவுக்குக் கல்யாண வயது. ஊரில் பலர் சுசீந்திரத்துக்குப் போய்க் கும்பிட்டு வந்தார்கள். பாட்டாவும் போனார். தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களையும் பெரிய அனுமாரையும் பார்த்த வியப்பை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஆணையால் தனக்குப் பெருமை வந்ததாக அவர் ஒருநாளும் பேசியதில்லை. "அது நம்மகிட்ட அதுக்கு முன்னமே உண்டும் மக்களே" என்பார்.