ஹோர்முஸ் திராட்சையும் மலபார்ப் பலிபீடமும்

இத்தாலியின் டஸ்கனியில் 'வின் சாந்தோ' என்று ஓர் இனிப்பு வைன் உண்டு. செப்டம்பர் வாக்கில் பறித்த வெள்ளைத் திராட்சைக் குலைகளை அவர்கள் உடனே பிழிவதில்லை. உத்தரங்களில் கட்டித் தொங்கவிட்டோ, பாய்களில் பரப்பியோ மாதக்கணக்கில் உலரவிடுகிறார்கள். நீர் வற்றி இனிப்பு ஏறிய பழத்தைக் குளிர்காலத்தில் பிழிந்து, சிறு பீப்பாய்களில் அடைத்து, ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெயரின் பொருள் 'புனித வைன்'. பூசையில் பயன்பட்டதால் வந்த பெயர் என்பது சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

காய்ந்த திராட்சை, புனித வைன் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்டால் எனக்கு இத்தாலிக்கு முன்னால் இந்த வளைகுடாதான் நினைவுக்கு வருகிறது. கேட்கும் உங்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். காரணம் சொல்கிறேன்.

துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கீசியர் கண்ணூரில் எழுத்தராக வேலை பார்த்தவர், மலையாளம் அறிந்தவர். 1516 வாக்கில் அவர் எழுதிய நூலில் நம் கடற்கரையின் தோமா கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வருகிறது. இந்தியாவில் வைன் கிடைக்காததால் அவர்கள் மக்காவிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் வரும் காய்ந்த திராட்சையை வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைக்கிறார்களாம். மறுநாள் பூசைக்கு முன் அதைப் பிழிந்து, அந்தச் சாற்றை வைத்தே பூசை செய்கிறார்களாம்.

யவனர் கொண்டுவந்த மது எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' முசிறிக்கு வைன் வந்ததைச் சொல்கிறது, அதிகமில்லை என்ற குறிப்போடு. பரூச்சில் இத்தாலிய வைனுக்குத்தான் முதல் மதிப்பு. வளைகுடாவின் ஓமனா துறைமுகமும் வைனை ஏற்றுமதி செய்தது. அந்த ஓமனா இன்றைய உம்முல் குவைனில் உள்ள எத்-தூர்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வணிகம் ஓய்ந்துபோனது. சாடியில் வரும் வைன் கசியும், புளிக்கும், உடையும். காய்ந்த பழத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. சாக்கில் கட்டிப் போட்டால் பருவக்காற்றுக்குக் காத்திருந்தாலும் கெடாது. பலிபீடத்துக்குத் திராட்சைக் கொடியின் பலன் வேண்டும், கொடியோ அங்கே வளர்வதில்லை என்றால் இதைவிட நல்ல வழி ஏது?

இனி ஹோர்முஸுக்கு வருவோம். இப்போது அது செய்திகளில் ஒரு நீர்ச்சந்தியின் பெயர். அன்று அது ஒரு தீவு, ஒரு பெருஞ்சந்தை. நல்ல தண்ணீர்கூட வெளியிலிருந்துதான் வரவேண்டும், ஆனால் உலகத்துப் பொருளெல்லாம் அங்கே கிடைக்கும். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செங் ஹேயின் கப்பற்படையோடு வந்த சீன மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான் அந்தச் சந்தையை நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார். காய்ந்த திராட்சையில் மட்டும் மூன்று நான்கு வகைகளைச் சொல்கிறார்: பேரீச்சை போல ஊதா நிறத்தில் ஒன்று, தாமரை விதையளவில் கொட்டையில்லாமல் மேலே வெண்மை பூத்த ஒன்று, வெள்ளை மொச்சை போல உருண்டை ஒன்று. கூடவே இன்னொன்றும் எழுதுகிறார். அந்த ஊரில் எல்லாக் கடையும் உண்டு, மதுக்கடை மட்டும் இல்லை. மது குடித்தவனுக்குச் சந்தையில் வைத்து மரண தண்டனை.

குடித்தால் தலை போகும் ஊரிலிருந்து ஏற்றிய சரக்கு, கடலுக்கு இந்தப் பக்கம் கிறிஸ்துவின் இரத்தமாகிறது. ஏற்றிய வணிகனுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அந்தச் சாறு அவன் சட்டப்படி குற்றமே இல்லை.

அரபியில் இதற்கு 'நபீத்' என்று பெயர். காய்ந்த திராட்சையையோ பேரீச்சையையோ நீரில் ஊறவைத்த பானம். மக்காவில் யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் தரும் உரிமை நபிகளின் சிற்றப்பா அப்பாஸிடம் இருந்தது. கிணற்று நீரில் திராட்சையை ஊறவைத்து இனிப்பாகக் கொடுப்பது அந்தக் கடமையில் சேர்ந்தது. நபிகளுக்காக ஊறவைத்த திராட்சை நீரை மூன்றாம் நாள் மாலைவரை அருந்துவார்கள், மிஞ்சினால் கொட்டிவிடுவார்கள் என்று ஹதீஸ் சொல்கிறது. ஊறல் எத்தனை நாள் ஆனது, போதை ஏறியதா என்பதுதான் கேள்வி.

பாத்திரமும் ஒரு கேள்வியாக இருந்தது. நம் வளைகுடாவின் மேற்குக் கரையிலிருந்து, அன்று பஹ்ரைன் என்று அழைக்கப்பட்ட பகுதியிலிருந்து, அப்துல் கைஸ் குலத்தார் நபிகளைக் காண வந்தார்கள். சுரைக்குடுக்கை, மெருகிட்ட சாடி, குடைந்த ஈச்சமரத்தண்டு, கீல் பூசிய கலம் ஆகிய நான்கிலும் ஊறவைக்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. தோற்பை என்றால் உள்ளே நொதித்ததும் உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும், இவை காட்டிக்கொடுக்காது என்று உரையாசிரியர்கள் விளக்கம் தருகிறார்கள். பிறகு பாத்திரத் தடை தளர்ந்தது, போதைக்கான தடை நீடித்தது. கூஃபாவின் அபூ ஹனீஃபா இலேசாகக் காய்ச்சிய நபீதைப் போதை தராத அளவில் அனுமதித்தார், மற்றவர்கள் மறுத்தார்கள். ஒரு பானத்துக்காக இத்தனை தலைமுறை வாதாடியிருக்கிறார்கள்.

ஆக, மலபார்ப் பாதிரியார் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்தது, மக்காவில் யாத்திரிகர் குடித்ததற்கு ஒப்பான பானம். சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 1599இல் கோவா பேராயர் அலேஷோ டி மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், பூசைக்குப் போர்த்துக்கலின் வைன் வேண்டும் என்றது. அதற்காக ஆண்டுதோறும் மஸ்கட்டெல் வைன் அனுப்பும்படி போர்த்துக்கல் அரசரிடம் வேண்டுகோளும் வைத்தது. சுவடிகளை எரித்த அதே சங்கம் இது, அதனால் வைன் விஷயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. கடல் வழியே அண்டை நாட்டிலிருந்து வந்த ஒரு பொருளுக்குப் பதிலாக, ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் பீப்பாய்க்கு, அதாவது லிஸ்பனின் தயவுக்கு, அந்தப் பலிபீடங்கள் கட்டுப்பட்டன.

நம் மொழி இந்தச் சண்டையில் சேரவில்லை. தமிழ் விவிலியத்தில் 'திராட்சரசம்' என்ற சொல் வருகிறது. அது சாறா, நொதித்ததா என்று சொல் கேட்பதில்லை.

1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவைச் சத்தியம் செய்து போர்த்துக்கீசிய அதிகாரத்தை உதறியவர்களின் வழியில் வந்த சிரியன் மரபுத் தேவாலயங்கள் சிலவற்றில், காய்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த ரசம் இன்றும் குர்பானாவுக்கு வைக்கப்படுகிறது. துபாய் தேராவின் பழைய சந்தையில் ஈரானியத் திராட்சைச் சாக்குகளைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மா ஹுவான் சொன்ன அந்த வெண்மை பூத்த, கொட்டையில்லாத வகை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.