சைகோனிலிருந்து வந்த மருமக்கள்

சமையல் தெரியாமல் வளர்ந்த பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் எழும் பேச்சு கடுமையானது. ஆண்மகனை நோக்கி அந்தக் கேள்வியே எழுவதில்லை. அடுப்படி அறிவு பெண்ணுக்குப் பிறவியிலேயே வந்துவிடும், ஆணுக்கு அது வேண்டியதே இல்லை என்ற இவ்விரு எண்ணங்களும் பிழையானவை. அதற்குச் சான்று தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. முல்லா வீதியும் காஜியார் தெருவும் அடங்கிய நம் புதுச்சேரியின் வரலாறே போதும்.

1862இல் தென் வியட்நாமின் ஒரு பகுதி பிரெஞ்சுக் குடியேற்றமான பிறகு, புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் சைகோனுக்குக் கப்பலேறினர். அரசு அலுவலுக்கும் படைக்கும் சென்றோர் ஒரு சாரார். நம் முஸ்லிம்கள் பெரும்பாலும் துணிக்கடையும் சில்லறை வணிகமும் நாடிச் சென்றனர். 1935இல் எழுந்த ஜாமிஆ பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கிறது. மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்றவர்கள் பலர். கடையை ஒட்டி ஒன்றாக வாழ்ந்த அந்த ஆண்களுக்கு, ஸஹருக்கு எழுப்பிச் சோறு போட அங்கே தாயும் இல்லை, தாரமும் இல்லை. உலை வைப்பதைத் தாமே பழகுவதைத் தவிர வேறு வழி ஏது? அதில் இழிவும் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள், வீட்டாருக்கு ஒத்தாசையாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இதை மேடையில் சொல்லும் நாம் வீட்டில் மறந்துவிடுகிறோம்!

சைகோன் சென்ற தமிழருள் சிலர் அங்கேயே மணம் புரிந்தனர். 1954இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1இல் புதுச்சேரியின் ஆட்சியும் இந்தியாவின் கைக்கு வந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தது. இந்த மாற்றங்களினூடே குடும்பங்கள் ஊர் திரும்பியபோது வியட்நாமியப் பெண்களும் மருமக்களாக வந்து இறங்கினர். மொழி புதிது. இஸ்லாத்தைத் தழுவி நிகாஹ் செய்துகொண்டவர்களுக்கு வணக்க முறைகளும் புதியவை.

குழந்தைகளைப் பெற்றெடுத்த பிறகு அவர்கள் அம்மியின் முன் அமர்ந்தனர். அம்மி அரைப்பது கைவலுவால் மட்டும் வருவதன்று. எப்போது நீர் தெளிப்பது, குழவியை எவ்வளவு அழுத்துவது, மசாலா எந்தப் பதத்தில் வழித்தெடுக்கப்பட வேண்டும் என்பனவெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துப் பழக வேண்டியவை. அரிவாள்மனையில் மீன் அரிவதும் அப்படியே. நோன்புக் கஞ்சியில் நொய்யும் பாசிப்பருப்பும் குழைந்தபின் தேங்காய்ப்பால் சேர்த்து, திரிந்துவிடாமல் இறக்குவதைச் சொல்லால் மட்டும் கற்பிக்க முடியாது. முழுக்க அந்நியமாகவும் எல்லாம் இருந்துவிடவில்லை. நம் நெய்ச்சோற்றில் மணக்கும் ரம்பை இலையை அவர்கள் தம் நாட்டு இனிப்புகளில் அறிந்திருந்தனர். கருவாட்டின் வாடை, மீனை உப்பிட்டு நொதிக்கவைத்துச் சாறு எடுக்கும் நாட்டவருக்குப் புதிதன்று.

கற்பித்தல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. மெல்லிய அரிசித் தாளில் பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் 'சாயோ', பிரெஞ்சு வழக்கில் 'நெம்', அவர்களோடு புதுச்சேரிக்கு வந்தது. வியட்நாமில் அதன் வழக்கமான பூரணம் பன்றியிறைச்சி. நம் அடுப்படியில் அதற்கு இடமில்லை. இறாலோ கோழியோ வைத்தாக வேண்டும். தாளை நனைக்கும் அளவும், கிழியாமல் சுருட்டும் விரற்பழக்கமும் இவ்வூர் மாமியார்களுக்குப் புதியவை. அங்கே மருமகள் ஆசானானாள், மாமியார் மாணவியானார்.

கப்பலேறிய ஆண்களுக்கேனும் வணிகப் பதிவும் குடியுரிமைத் தாளும் சான்றாக எஞ்சியிருக்கின்றன. இப்பெண்கள் கற்றதற்கும் கற்பித்ததற்கும் எந்தப் பதிவேடும் இல்லை. அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்போர் இன்று முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள், ஆண்பிள்ளைகளும்தாம், கைப்பேசியில் குறித்துக்கொள்ள எண்ணி, கஞ்சிக்கு வெந்தயம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். மூதாட்டியோ கிராம் கணக்கு அறியாதவர். உள்ளங்கையைக் குவித்து அதில் வெந்தயத்தைக் கொட்டி, "இவ்வளவு" என்று காட்டுகிறார்.