லங்காஷயர் நெசவாளர் சரித்திரம்

யந்திரம் வந்தது, கைத்தொழில் அழிந்தது, தொழிலாளி வறியவனானான் என்று யந்திரத் தொழில் வளர்ந்த சரித்திரத்தைச் சுருங்கக் கூறுவர். இதில் உண்மையுண்டு; ஆயினும் முழு உண்மை இதுவன்று. அத்தொழில் முதன்முதல் தழைத்த இங்கிலாந்திலே, லங்காஷயர்க் கைத்தறி நெசவாளர் அடைந்த கதியை ஆண்டு முறையாக நோக்கின், நாம் அறியவேண்டிய நீதியொன்று அதிலே புலனாகும்.

1733-ம் வருஷத்தில் ஜான் கே என்பார் பறக்கும் நாடாவை அமைத்தார். நெசவு விரைந்தது, நூற்போர் ஈடுகொடுக்க இயலவில்லை. இக்குறை நீங்க, 1764-ம் வருஷத்தையொட்டி ஹார்கிரீவ்ஸும், 1769-ல் ஆர்க்ரைட்டும், 1779-ல் கிராம்ப்டனும் நூற்கும் யந்திரங்களைக் கொணர்ந்தனர். வீட்டிலிருந்து நூற்ற பெண்டிர் வருவாய் இழந்தனர். நெசவாளரோ, நூல் ஏராளமாய்க் கிடைத்தமையால் சில காலம் செழித்தனர். போல்டன் நகரில் 1795-ல் நெசவாளரின் சராசரி வாரக்கூலி 33 ஷில்லிங்.

அக்கூலி 1815-ல் 14 ஷில்லிங்காகவும், 1829 முதல் 1834 வரையில் 5 ஷில்லிங் 6 பென்ஸாகவும் தாழ்ந்தது. விசைத்தறி செய்த கொடுமையே இது என்பர் பலர். கார்ட்ரைட் 1785-லேயே விசைத்தறியை அமைத்தாரெனினும், 1813-ல் பிரிட்டன் முழுவதிலும் அவை ஏறக்குறைய 2,400 மட்டுமே. கைத்தறிகளோ லட்சத்திற்கும் மேற்பட்டவை. ஆகவே, யந்திரம் பெருகுமுன்னரே கூலி பாதிக்குங் கீழாய்ப் போயிற்று.

காரணம் யாது? எளிதிற் கற்கத்தக்க தொழிலாதலின், பிழைப்புத் தேடியவரெல்லாம் நெசவிலே புகுந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தனித்திருந்து, நூல் கொடுக்கும் வியாபாரி இட்ட கூலியை ஏற்றனர். தொழிலாளர் கூடிக் கூலி கேட்பதை 1799, 1800-ம் வருஷத்துச் சட்டங்கள் தடுத்தன. குறைந்தபட்சக் கூலியை விதிக்க வந்த மசோதாவையும் 1808-ல் பார்லிமெண்டு தள்ளிவிட்டது. மனமுடைந்த சிலர் 1812-ல் விசைத்தறி ஆலைகளைத் தாக்கினர். யந்திரம் உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. பிரபுக்கள் சபையில் கவி பைரன் அதனை எதிர்த்துப் பேசியும் பயனில்லை. 1833-ல் விசைத்தறிகள் ஒரு லட்சமாயின. நெசவாளர் மக்கள் ஆலைக்குச் சென்றனர். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பஞ்சாலைகளில் வேலைக்கு வைத்தலாகாதென்னும் விதி 1819-லேயே வந்ததெனினும், அதனைக் கண்காணிக்க நான்கு அதிகாரிகள் 1833-ம் வருஷத்துச் சட்டத்தாலேயே வந்தனர்.

இனி மற்றொரு காட்சியைக் காண்போம். கூடுதலைத் தடுத்த சட்டங்கள் 1824-ல் நீங்கின. 1844-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி, அதே லங்காஷயரின் ராச்டேல் நகரில், நெசவாளர் முதலிய எளிய தொழிலாளர் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுனாகச் சேர்த்த முதலைக் கொண்டு ஒரு சிறு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி ஆகியவையே சரக்கு. கலப்படமில்லை, கடனில்லை, லாபமோ வாங்கியவருக்கு வாங்கிய அளவுப்படி பங்கிடப்பட்டது. அம்முறை உலகெங்கும் பரவியது. நம் சென்னையில் 1904-ல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அவ்வழி வந்ததே.

யந்திரத்தை உடைத்தவர் கூலியை உயர்த்தவில்லை. ஒரு பவுன் சேர்த்தவர் தம் அடுப்பையேனும் காத்தனர். அவர்களிடம் செல்வமும் செல்வாக்கும் இருந்ததில்லை. ஒருவரையொருவர் நம்பும் நம்பிக்கையே இருந்தது. புதுப்புது யந்திரங்கள் இன்றும் வந்தவண்ணமே இருக்கின்றன. அவை நம் வாயிலை அடைந்தபின் கூடுவோமென்றிராமல், முன்னரே கூடி நிற்றலே நம் குடும்பங்களுக்கும் நம் பின்னோர்க்கும் நன்மையாகும்.